அவர் இடது என்றால் நீங்கள் வலது பாருங்கள்

விமானம் சாயங்காலம்தான் கிளம்பும் என்று சொல்லிவிட்டார்கள். ஏதோ ஒரு பாகம் கெட்டுப்போச்சாம், அது வேறோர் ஊரிலிருந்து இன்னொரு விமானத்தில் வர வேண்டுமாம். "அந்த விமானத்துக்கும் ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா?" என்று கவுண்டரில் இருந்த பெண்ணைக் கேட்டேன். மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போனார்.

"அத்தை, அவங்க வாயைக் கிளறாதீங்க. லாட்ஜு குடுக்கிறாங்க, சாப்பாடு குடுக்கிறாங்க. பேசாம வாங்க."

என் அண்ணனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிற வழி அது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, கன்னத்தைக் கிள்ளினால் யாருடைய கன்னத்தையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அந்த மரமரப்பு எனக்கு உடம்பு முழுக்க இருந்தது. அழுகையும் வரவில்லை, பசியும் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் பார்த்த பெண்ணும் அதே ஊசி போட்டுக்கொண்டவள்தான். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், என்னைப் பற்றி இதோடு போதும்.

லாட்ஜ் கடற்கரைச் சாலைக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. கடல் தெரியாது, ஆனால் சன்னல் தாழ்ப்பாள் முழுக்கத் துரு, சலவை செய்து விரித்த படுக்கையில்கூடக் காலுக்கு மணல் நெருநெரு என்றது. வெயிலா அது! காற்றே ஈரத்துணிபோல மேலே ஒட்டிக்கொண்டது. அறையில் படுத்தால் அண்ணன் முகம்தான் வரும் என்று கீழே வந்தேன். வரவேற்பு மேசையில் டை கட்டிய மேனேஜர் உட்கார்ந்திருந்தான். சின்ன வயசு. மேசை மேல் ஒரு குட்டி மின்விசிறி, அது அவன் முகத்துக்கு மட்டும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு எதிரில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது, புடவைக்கு மேல் ஆண்பிள்ளைக் காக்கிச் சட்டை, கையில் வண்டிச் சாவி.

"அக்கா, நான் சொல்றதை மனசுல வாங்கிக்குங்க" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தான். "போன வாரம் வந்தவங்க சண்டைக்கே வந்துட்டாங்க. கேசட்டு இடதுன்னு சொல்லுது, கட்டடம் வலதுல நிக்குது. நீங்க நடுவுல, அவர் இடதுன்னா நீங்க வலது பாருங்கன்னு சொல்றீங்க. ஊரைப் பார்க்க வந்தாங்களா, கழுத்துக்குப் பயிற்சி எடுக்க வந்தாங்களா?"

அந்தப் பெண் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"இன்னைக்கு நானும் வண்டியில வரேன். கேசட்டு போடக் கூடாது. நீங்களே பேசிக் காட்டணும். முடியலன்னா நாளையிலிருந்து பெட்ரோல் பங்க் பக்கத்து வண்டிக்காரன் வருவான். முதலாளி சொல்லிட்டாரு, என் கையில ஒண்ணும் இல்லை."

"சரி" என்றாள் அவள். வேலை போகப் போகிறது என்று கேட்ட முகமில்லை அது. மழை வரும் போலிருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்ட முகம்.

விமானத்துக்காகக் காத்திருப்பவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிற வண்டி அவளுடையது. லாட்ஜில் வேலை செய்கிறவர்கள் அவளைக் கேசட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் போகிறேன் என்றேன். மாப்பிள்ளைக்குத் தூக்கம்.

"உங்களுக்கு முட்டிவலி அத்தை, இந்த வெயில்ல வேணாமே."

"முட்டி என்னோடதுதானே? உங்ககிட்ட இரவலா வாங்கினேன்?"

அதற்கப்புறம் அவரும் செருப்பை மாட்டிக்கொண்டார். வண்டியில் முன்சீட்டில்தான் உட்காருவேன் என்றேன். முன்சீட்டு மேனேஜருக்கு என்றார்கள். "அந்தத் தம்பி டை கட்டியிருக்கு, பின்னால காத்து நல்லா வரும்" என்று சொல்லி ஏறிவிட்டேன். ஏறும்போது கதவின் மேற்கம்பியில் தலையை நங்கென்று இடித்துக்கொண்டேன். அந்த வண்டியில் எல்லாருமே இடித்துக்கொள்கிற இடம் அதுவாம். பின்னால் மேனேஜர், மாப்பிள்ளை, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவ்வளவுதான் கூட்டம்.

வண்டி கிளம்பியது. அவள் பேசவில்லை.

மஞ்சள் பூசிய பெரிய கட்டடம் ஒன்று வந்தது. தூண்களெல்லாம் உப்புக்காற்றில் அரித்துக் கடித்த ரொட்டிபோல இருந்தன. அவள் வாயைத் திறந்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன், நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. கட்டடம் பின்னால் போய்விட்டது. அடுத்து ஒரு மணிக்கூண்டு. கடிகார முள் ஓடவில்லை, அதுவும் அவளைப் போலத்தான். பின்னாலிருந்து அந்தப் புதுப்பெண் கேட்டாள்.

"அக்கா, அது என்ன கட்டடம்?"

கேசட்டக்கா யோசித்தாள். "பழைய கட்டடம்" என்றாள்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் அந்த மூஞ்சி அப்படிச் சுருங்காது. இன்னும் ஒரு தெரு பொறுத்துப் பார்த்தான்.

"சரி, போடுங்கக்கா" என்றான். "கயிற்றுத் தெரு சந்திப்பு வரைக்கும் போடுங்க. அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் சொல்றாரு. சந்திப்பு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, அங்கருந்து நீங்க பேசணும். அதுலயும் பேசலன்னா நான் என்ன பண்றது சொல்லுங்க."

அவள் சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்தாள். வெயிலில் வண்டியில் கிடந்தால் நாடா இளகிக் குரல் இழுக்குமாம், அதனால் கூடவே வைத்துக்கொள்வாள். உள்ளே தள்ளினாள். கொஞ்ச நேரம் உஸ்ஸென்று ஓடியது. அப்புறம் ஓர் ஆண்குரல். கரகரப்பான குரல், ஆனால் உற்சாகம் என்றால் அப்படி ஓர் உற்சாகம்.

"ஏறினவங்க எல்லாம் உக்காந்தாச்சா? உக்காந்தவங்க சன்னலைத் திறந்துக்குங்க. நம்ம வண்டியில ஏசி உண்டு. கடல்ல வச்சிருக்கோம், காத்து வந்துட்டே இருக்கும்!"

புதுப்பெண் சிரித்தாள். மாப்பிள்ளைகூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குரல் பேசப் பேச ஊருக்கு உயிர் வந்தது. இதுதான் சுங்கக் கிடங்கு, இங்கே பிடித்து வைத்த மிளகு வாசனைக்கே காவல்காரருக்குத் தும்மல் நிற்காது என்றது. கப்பல்காரர்கள் முடி வெட்டிக்கொள்கிற கடையைக் காட்டியது. கடையைத் தாண்டும் அதே நேரத்தில் பேச்சும் கடையைத் தாண்டியது. முன்னால் மாட்டுவண்டிபோல ஒரு டெம்போ ஊர்ந்தபோது அவள் அதைச் சட்டென்று முந்தினாள், அப்புறம் காரணமே இல்லாமல் மெதுவாகப் போனாள். எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. குரல் வண்டிக்குத் தகுந்த மாதிரி ஓடவில்லை, வண்டிதான் குரலுக்குத் தகுந்த மாதிரி ஓடுகிறது.

மீன் ஏலக் கூடத்தில் நிறுத்தினாள். "உள்ளே போறவங்க கையைத் தூக்கிடாதீங்க. மூக்கைச் சொறிஞ்சாக்கூட ஒரு கூடை மீனை உங்க தலையில கட்டிடுவாங்க" என்றது குரல். அவள் அதை நிறுத்தினாள். மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். தரையெல்லாம் ஐஸ் உருகி ஓடுகிற தண்ணீர், வழுக்கி விழுந்தால் மாப்பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்று நான் வண்டியிலேயே இருந்தேன்.

"யாரும்மா அது, பேசுறது?"

"வீட்டுக்காரர், பெரியம்மா."

"இப்ப எங்க?"

"இல்லை. போன வருஷம் போயிட்டாரு."

மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அய்யோ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரும் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவன் தன் உயரத்துக்கு ஒரு மீனை வாலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான்.

நான் விடவில்லை. கேட்டால் பதில் சொல்கிறவள்தான், கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். துண்டு துண்டாகச் சொன்னாள்.

அந்த மனுஷன் முதலில் தானே பேசிக்கொண்டுதான் ஓட்டினாராம். நாள் முழுக்கப் பேச்சு. வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தாரோடு பேச்சு. தொண்டை கட்டிக்கொண்டது, கட்டிக்கொண்டது விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு இனிமேல் பேச்சைக் குறைக்க வேண்டும் என்றார். குறைக்க வேண்டுமா, ஒரே தடவை பேசிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தெருச் சத்தம் வரக்கூடாதென்று மெத்தையைத் தூக்கிச் சன்னலில் சாத்தி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, மனசிலேயே வண்டியை ஓட்டி, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு விட்டுப் பேசிப் பதிந்தார்.

"நீ அப்ப என்ன பண்ணிட்டிருந்தே?"

"சமைச்சிட்டிருந்தேன். வண்டியில கிளீனர் வேலை எனக்கு. கதவைத் திறப்பேன், சாத்துவேன். பின்னால வண்டி எடுக்கும்போது தட்டுவேன். அவரு பேசுவாரு, நான் தட்டுவேன்."

கொஞ்ச காலத்தில் கையும் தளர்ந்து அவரால் ஓட்டவும் முடியவில்லை. அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதற்குள் பேச்சு சுத்தமாக நின்றுபோயிருந்தது. எப்படிக் கற்றுக்கொடுப்பார்? கேசட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இடது பக்கம் திரும்புகிறோம் என்று கேசட் சொன்னால் அவள் திருப்ப வேண்டும். மெதுவாகப் போகிறோம் என்றால் மிதிக்க வேண்டும். தப்புச் செய்தால் அவள் தொடையில் ஒரு தட்டு. ஊரில் மற்றவர்கள் எல்லாம் கண்ணால் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பார்கள். இவள் காதால் கற்றுக்கொண்டாள்.

"கடைசியா ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் சும்மா பெரியம்மா. அவரு பேச்சு நின்னப்பவே எனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் நடந்ததுக்கு எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாரும் அழுதாங்க. எனக்கு வண்டியைக் கழுவணுமேன்னு இருந்தது."

எனக்கு என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

"இந்தத் தம்பி சொல்ற மாதிரி நீயே பேசிடேன்."

"வரமாட்டேங்குதே. வாயைத் திறந்தா அவரு சொன்னதுதான் வருது. அவரு சொன்ன இடம் இப்ப அங்க இல்லை."

விஷயம் இதுதான். துறைமுகத்துக்குப் பெரிய சாக்கடை தோண்டுகிறார்கள். அதற்காகக் கயிற்றுத் தெருவை ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டார்கள். முன்பு சந்திப்பில் இடதுபக்கம் திரும்பி அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் கயிற்றுக்கடைகள், கலங்கரை விளக்கம், கடல் என்று வரிசையாக வரும். இப்போது நேராகப் போய்ச் சுற்றிக்கொண்டு அடுத்த முனையிலிருந்து வர வேண்டும். எல்லாம் தலைகீழ். கேசட்டில் இருக்கிற மனுஷனுக்கு அது தெரியாது.

"புதுசா ஒண்ணு பதிஞ்சுக்கலாமே?"

"அது மேலதான் பதியணும்" என்றாள். "வேற கேசட்டு இப்பக் கிடைக்கிறதில்லை, பெரியம்மா. வீட்ல இதைப் போட டேப்பும் இல்லை. அவரு இந்த வண்டியிலதான் இருக்காரு."

மற்றவர்கள் வந்து ஏறிக்கொண்டார்கள். புதுப்பெண்ணின் புருஷன் கையைத் தூக்கித் தொலைத்து, ஏலக்காரர் அவனிடம் ஒரு கூடையைத் தள்ளப் பார்த்தாராம். "சொன்னாருல்ல!" என்று அவள் அவனை இடித்துக்கொண்டே வந்தாள். வண்டி நகர்ந்தது, குரலும் நகர்ந்தது. மேனேஜர் பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தான்.

"சந்திப்பு வருதுக்கா. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள். அவள் விரலும் பொத்தான் மேல்தான் இருந்தது. நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை.

"இப்போ வலது பக்கம் தெரியிறதுதான் துறைமுகம்" என்றது குரல். "பெரிய கப்பல் எல்லாம்..."

அதோடு பாத்திரம் ஒன்று டங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், தூரத்திலிருந்து, ஆனால் எண்ணெயில் விழுந்த கடுகுபோல:

"சாப்பாடு ஆறுது, வர்றீங்களா இல்லையா?"

"இரு, இன்னும் துறைமுகம் முடியல!"

வண்டியே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார், மேனேஜர்கூடச் சிரித்துவிட்டான், எத்தனையோ தடவை கேட்டவன். அந்தச் சத்தம் அவளுடையதுதான் என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். கூத்தில் நடிக்கிறவர்கள் காத்திருப்பார்களே, அப்படி. ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில் இவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பது அவள் உடம்புக்குத் தெரியும். விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டாள்.

"சிரிச்சது போதும். இப்போ இடது பக்கம் திரும்புறோம். கம்பியைப் பிடிச்சுக்குங்க!"

காதால் பழகிய அவள் கை திரும்பியது.

"அக்கா!" என்று மேனேஜர் கத்துவதற்குள் வண்டி கயிற்றுத் தெருவுக்குள் பாதி போயிருந்தது. எதிரே ஐஸ் ஏற்றிய லாரி. லாரிக்காரன் பிரேக் போட்ட சத்தம் என் பல்லில் கேட்டது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நடந்து போகலாம், அவ்வளவு இடம்தான். லாரியிலிருந்து ஒரு ஐஸ் கட்டி சறுக்கிவந்து எங்கள் முன்கண்ணாடிக்குக் கீழே விழுந்து உடைந்தது. பயந்தேனா என்று கேட்டால், இல்லை. அடடா, செத்திருப்போமே என்று யாருக்கோ நடப்பதுபோல நினைத்துக்கொண்டேன்.

லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான். "ஏம்மா! கண்ணை எங்க அடகு வச்சிருக்கே?"

"இந்தத் தெருக்காரங்க தங்கமான மனுஷங்க" என்றது கேசட். "நம்ம வண்டியைப் பார்த்தாலே வழி விட்டுடுவாங்க!"

"வீட்ல அடுப்பை விட்டுட்டு இங்க வந்து எங்க உயிரை வாங்குறியா? எடு பின்னால!"

"எல்லாரும் கையாட்டிட்டே போங்க!"

புதுப்பெண் பயத்தில் நிஜமாகவே கையை ஆட்டிவிட்டாள். லாரிக்காரனுக்கு இன்னும் கோபம். முனையிலிருந்து போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். குடைபோல வயிறு, சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது.

"பலகை தெரியலையா? இவ்வளவு பெருசா வச்சிருக்கோமே?"

"அவரு திரும்பச் சொன்னாரு" என்றாள் கேசட்டக்கா.

"எவரு?"

"வீட்டுக்காரர்."

போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், டை கட்டியவனைப் பார்த்தார். "இதுல யாரும்மா?"

அவள் விரலால் கேசட் ஓடுகிற பெட்டியைக் காட்டினாள். அது அந்த நேரம் பார்த்து, "இந்தக் கயிறு இருக்கே, நூறு வருஷத்துக்கு முன்னாடி புயல்ல ஒரு கப்பலையே பிடிச்சு நிறுத்தின கயிறு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அது மரியாதைக்கா வியர்வைக்கா என்று எனக்குத் தெரியாது.

"முதல்ல நிறுத்தும்மா அதை" என்றார்.

அவள் நிறுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இப்போது பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் இரண்டு ஆட்டோ வந்து நின்றுவிட்டன, ஒரு பக்கம் தோண்டிய பள்ளம், ஒரு பக்கம் கயிற்றுச் சுருள்கள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பின்னால் இறங்கித் தட்ட வேண்டிய ஆள் அவள்தான், ஓட்ட வேண்டியவளும் அவள்தான். அப்படியே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தெரு முழுக்க ஹாரன் அலறுகிறது, இவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள்போல உட்கார்ந்திருக்கிறாள்.

மேனேஜர்தான் இறங்கினான். இறங்கும்போது தலையை இடித்துக்கொண்டான். பின்னால் ஓடி, ஆட்டோக்காரர்களை விரட்டி, டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் தட்டினான். "வரலாம், வரலாம், வரலாம்."

"அப்படித் தட்டக் கூடாது!" என்று அவள் சன்னல் வழியாகக் கத்தினாள்.

நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டோம். கேசட்டில் சோற்றுக்குக் கூப்பிட்டாளே, அதே குரல்.

"ஒரு தட்டுன்னா வா, ரெண்டு தட்டுன்னா நில்லு! சும்மா தபேலா வாசிச்சா நான் என்னன்னு எடுக்கிறது? பள்ளம் எவ்வளவு தூரம்னு பார்த்துச் சொல்லு தம்பி!"

மேனேஜர் ஒரு தட்டுத் தட்டினான். வண்டி நகர்ந்தது. இன்னொன்று. இப்படியே தெரு முனைக்கு வந்து சேர்ந்தோம். அவன் ஏறி உட்கார்ந்தபோது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இனி சொல்ல என்ன இருக்கிறது, பெட்ரோல் பங்க் வண்டிக்காரனுக்குப் போன் போட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

சந்திப்பில் நேராகப் போனாள். சுற்றி வந்து அடுத்த முனையில் நுழைந்தாள். முதலில் கலங்கரை விளக்கம் வந்தது. வெள்ளை அடித்து, இடுப்பில் ஒரு சிவப்புப் பட்டை.

"இது கலங்கரை விளக்கம்" என்றாள்.

புதுப்பெண் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"இதைக் கட்டின ஆளு மேலே ஏறினவரு இறங்கவே இல்லைன்னு சொல்லுவாரு. கீழே பொண்டாட்டி நின்னுட்டிருந்தாளாம், அதனாலயாம்." கியரை மாற்றினாள். "அது பொய். கட்டினது அரசாங்கம். மேலே புறா மட்டும்தான் இருக்கு. அந்தக் கதை என்னைக் குத்துறதுக்குன்னே சொன்னது."

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று.

கயிற்றுக்கடைகள் வந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தத் தெரு வேறு தெரு மாதிரி இருந்தது. ஒரு கடை வாசலில் என் இடுப்பளவு கனத்தில் பழைய கயிறு ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"இந்தக் கயிறுதான் கப்பலைப் பிடிச்சு நிறுத்தினது. அதுவும் பொய். அது போன வருஷம் வந்தது. வர்றவங்க ஆசைப்பட்டு வெட்டி வெட்டி வாங்கிட்டுப் போவாங்க, தீர்ந்ததும் இன்னொண்ணு வைப்பாங்க. கடைக்காரர் அவரோட சேக்காளி."

"அப்போ சுங்கக் கிடங்குத் தும்மல்?" என்று புதுப்பெண் கேட்டாள்.

"அங்க மிளகே வந்ததில்லை. அவருக்குத்தான் எப்பவும் தும்மல்."

அப்புறம் நிற்கவே இல்லை. குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, அடுக்கிவைத்த தட்டை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் இப்படிச் சொல்வார், அது அப்படி இல்லை. அவர் அப்படிச் சொல்வார், அதுவும் இல்லை. கட்டிய மனுஷனோடு அந்த மனுஷன் போன பிறகு போடுகிற சண்டை அது. வெறும் சண்டையாக இருந்தாலும் ஊர் தெரிந்தது.

கடலோரத்தில் இறங்கினோம். நான் தண்ணீரில் கால் வைத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, ஆனால் காலுறை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. அண்ணன் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. மேனேஜர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான், நான் சத்தம் போடாமல் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

"நாளைக்கு வாங்கக்கா" என்றான். "கேசட்டு வேணாம்."

"சரி."

"ஆனா அவரு சொன்ன பொய்யெல்லாம் சொல்லணும். பொய்யைச் சொல்லிட்டு அப்புறம் அது பொய்னு சொல்லுங்க. வெறும் நிஜத்தை மட்டும் சொன்னா இந்த ஊர்ல பார்க்க ஒண்ணும் இல்லை."

"சரி" என்றாள் மறுபடியும். வேலை தங்கிவிட்டது என்று கேட்ட முகமும் இல்லை அது. காலையில் பார்த்த அதே முகம்தான்.

சாயங்காலம் விமான நிலையத்துக்கும் அவள்தான் கொண்டுபோய் விட்டாள். நானும் மாப்பிள்ளையும் மட்டும். அவர் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பாதி வழியில் அவள் சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"போடு" என்றேன்.

கேசட்டில் துறைமுகம் வந்தது. எங்கள் சன்னலில் வயல்கூட இல்லை, காலி மனைகளும் விளம்பரப் பலகைகளும்தான். பாத்திரம் டங்கென்றது. சாப்பாடு ஆறுது, வர்றீங்களா இல்லையா. இரு, இன்னும் துறைமுகம் முடியல. அவள் வழக்கம்போலச் சிரிப்புக்குக் காத்திருந்தாள். சிரிக்க யாரும் இல்லை. சிரித்தது போதும் என்று குரல் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. இடது பக்கம் திரும்புறோம் என்றது. நான் அவள் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் அசையாமல் நேராக இருந்தது.

"அன்னைக்கு ஆறிப்போச்சா?" என்று கேட்டேன்.

"ஆறிப்போச்சு பெரியம்மா. கோவத்துல நான் சுடவும் வைக்கல."

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. ரெண்டாந்தரம்கூட வாங்கிக்கிட்டாரு. நல்லா இருக்குன்னு சொன்னாரு." வண்டி ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. "அதுவும் பொய்தான்."

விமான நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் சுற்றி வந்து எனக்குக் கதவைத் திறந்தாள். பழைய கிளீனர் இல்லையா. "தலை, பெரியம்மா" என்றாள். குனிந்து இறங்கினேன். உள்ளே போகிறவர்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை அவசரப்படுத்தினார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளும் பிடித்துக்கொண்டாள், இரண்டு கையும் வேர்த்திருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் கிளம்பவில்லை. ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு கேசட்டை முதலிலிருந்து கேட்பதற்காகப் பின்னால் சுற்றவிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிற வழி காலி வண்டிதானே. சுற்றி முடிந்ததும், ஏறினவர்கள் எல்லாம் உட்கார்ந்தாச்சா என்று அவர் கேட்டிருப்பார். வண்டி நகர்ந்தது.